குளிரில் காத்த இறைச்சி



தாயகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில், வாங்கிய இறைச்சியை அன்றே சமைத்து முடிக்கும் வழக்கம் குறைந்து வருகிறது. ஒரு பகுதியைக் குளிர்பெட்டியில் உறையவைத்துப் பின்னொரு நாள் எடுத்துக்கொள்கிறோம். அவ்வாறு வைப்பதில் உள்ள நன்மையையும் அபாயத்தையும் பற்றி இன்று பேச விழைகிறோம்.

நாங்கள் வசிப்பது அந்தமான் தலைநகரின் மரைன் ஹில் பகுதியில். போர்ட் பிளேர் என வழங்கிவந்த இந்நகரம் 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றது. சென்னையிலிருந்து கடல் வழியே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பலில் வந்தால் மூன்று நாட் பயணம். கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதித்தால் கடைத்தெருவில் பல பண்டங்கள் அருகிவிடும். ஆதலின் கிடைத்தபோது வாங்கி வைத்துக்கொள்வது இங்கு குடும்பம் நடத்துவோரின் இயல்பு.

இறைச்சியைச் சேமிக்கும் கலை நம் முன்னோர் அறியாததன்று. ஆட்டுக்கறியை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் உலர்த்தி உப்புக்கண்டம் போட்டார்கள். உப்பு நீரை வெளியே இழுக்கும். எஞ்சியதை வெயில் போக்கும். நீர் இல்லாத இடத்தில் கிருமி பெருகாது. ஆனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் இத்தீவில், மழை மாதங்களில் கொடியில் போட்ட வேட்டியே உலர்வதில்லை. கண்டம் எவ்வாறு உலரும்? ஆகவே வெயில் செய்த வேலையைக் குளிரிடம் ஒப்படைக்கிறோம்.

மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு எங்கள் தொழில். எனவே சொல்லிலிருந்தே தொடங்குவோம். பால் உறைந்தால் தயிர். நீர் உறைந்தால் பனிக்கட்டி. தமிழில் இரண்டும் உறைதலே. ஆயினும் முன்னதில் நுண்ணுயிர்கள் ஓயாது உழைக்கின்றன. பின்னதில் அவை உறங்குகின்றன. உறங்குகின்றன என்றோமேயன்றி இறக்கின்றன என்று கூறவில்லை. இன்றைய பேச்சின் உயிர்நிலை இதுவே.

1882ஆம் ஆண்டில் டனிடின் என்னும் பாய்மரக் கப்பல், உறைந்த ஆட்டிறைச்சியை ஏற்றிக்கொண்டு நியூசிலாந்திலிருந்து இலண்டனுக்குச் சென்றது. மூன்று மாதங்களுக்கு மேல் நீண்ட பயணம். வெப்ப மண்டலத்தைக் கடந்தும் இறைச்சி கெடவில்லை. பின்னர் 1910களில், இன்று கனடாவைச் சேர்ந்த லாப்ரடாரில் தங்கியிருந்த கிளாரன்ஸ் பர்ட்ஸ்ஐ என்னும் அமெரிக்கர், கடுங்குளிர்க் காற்றில் நொடியில் உறைந்த மீன் பல வாரங்களுக்குப் பின்னும் சுவை குன்றாதிருப்பதைக் கண்டார். காரணம் எளிது. மெல்ல உறைந்தால் பெரிய பனி ஊசிகள் தோன்றித் தசையைக் கிழிக்கும். பனி இளகியதும் சாறு வடிந்து, கறி சக்கையாகிவிடும். விரைந்து உறைந்தால் ஊசிகள் சிறியவை. சாறு உள்ளேயே தங்கும்.

இதை நம் வீட்டிலும் பின்பற்றலாம். இரண்டு கிலோ கறியை ஒரே உருண்டையாக வைத்தலாகாது. ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, நீரை நன்கு வடித்து, பைகளில் தட்டையாகப் பரப்பி, காற்றை வெளியேற்றிக் கட்டவேண்டும். காற்றுப் பட்ட இடம் வறண்டு வெளுத்துவிடும். பையின்மேல் தேதி எழுதுவது நன்று. பெட்டியின் குளிர், சைபருக்குக் கீழ் 18 டிகிரி செல்சியஸ் இருத்தல் வேண்டும். வாங்கிய இறைச்சி வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடத்தலாகாது. கடும் வெப்ப நாளில் ஒரு மணி நேரமே எல்லை. கொத்துக்கறியை மூன்று நான்கு மாதங்களுக்குள் சமைத்துவிடுவது சுவைக்கு நல்லது. சமைக்குமுன் அடுக்களை மேடையில் வைத்து இளக்காமல், முந்திய இரவே கிண்ணத்திலிட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிடவேண்டும்.

இவ்வளவும் அறிந்திருந்தும் நாங்கள் ஒருமுறை தவறினோம். தீபாவளிக்கென ஆட்டிறைச்சி வாங்கி உறையவைத்திருந்தோம். அன்றிரவு வீசிய காற்றில் மின்சாரம் நின்று, மறுநாள் மாலைதான் திரும்பியது. பெட்டியைத் திறந்தபோது கறி மெத்தென்றிருந்தது. கொடுத்த விலையை எண்ணினோம். எறிய மனம் வரவில்லை. விடிந்து பார்க்கையில் அது மீண்டும் கல்லாக இறுகியிருந்தது. எங்கள் மனமும் தேறியது. பண்டிகையன்று குழம்பு வைத்தோம். அன்றிரவே எழுபது வயதைக் கடந்த எங்கள் தாயார் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகத் துவண்டார்கள். இரண்டு நாட்கள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது.

“நன்றாகக் கொதித்த குழம்புதானே, டாக்டர்?” என்று கேட்டோம்.

“கொதியில் கிருமி சாகும். ஆனால் இறைச்சி இளகிக் கிடந்தபோது சில கிருமிகள் விட்டுச்சென்ற நஞ்சு கொதியிலும் அழியாது,” என்றார் மருத்துவர்.

தாயார் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “கண்டம் கெட்டால் நாற்றமே சொல்லிவிடும், உங்கள் பெட்டி வாய் திறக்காதே அப்பா,” என்று மட்டும் கூறினார்கள்.

அந்தப் பெட்டியையும் வாய் திறக்கவைக்கும் வழி ஒன்றை அண்டை வீட்டு மலையாள அம்மையார் கற்பித்தார்கள். ஒரு குவளை நீரை உறையவைத்து, அதன்மேல் நாணயம் ஒன்றை வைத்துப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். நாணயம் மேலேயே இருந்தால் குளிர் குலையவில்லை. அது குவளையின் அடியில் சென்று உறைந்திருந்தால், நீங்கள் அறியாத நேரத்தில் பனி இளகி மீண்டும் இறுகியது என்பது பொருள். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்புவோருக்கு இஃது உற்ற துணை.

மின்சாரம் நின்றால் கதவைத் திறவாதீர்கள். நிறைந்த தனி உறைபெட்டி, மூடியபடி இருந்தால் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும். சாதாரண பிரிட்ஜின் மேலறை அவ்வளவு தாங்காது. திறக்கையில் இறைச்சியில் பனித் துகள்கள் எஞ்சியிருந்தால் மீண்டும் உறையவைக்கலாம். சுவை சற்றுக் குன்றும், அவ்வளவே. முற்றும் இளகி வெதுவெதுப்பாகிவிட்டதெனின், விலையை எண்ணாமல் எறிந்துவிடுங்கள்.

தொலைவில் வாழும் நமக்குப் பண்டிகை நாளின் கறிக்குழம்பு, ஊரையே வீட்டுக்கு அழைத்து வருவது. அதனால்தான் எறிய மனம் வருவதில்லை. எங்கள் வீட்டுக் குவளையில் இன்றும் ஓர் ஐந்து ரூபாய் நாணயம் இருக்கிறது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் தாயார் முதலில் பார்ப்பது அதைத்தான்.