பட்டத்தின் பின் திறக்கும் வாயில்

பல்கலைக்கழக அனுமதி என்றதும் நம் நாட்டுப் பெற்றோரின் எண்ணம் க.பொ.த. உயர்தரப் பரீட்சையிலே சென்று நின்றுவிடும். அதில் வியப்பில்லை. 1970களிலே தரப்படுத்தல் எழுப்பிய மனக்கசப்பும், அதனோடு வந்த மாவட்ட ஒதுக்கீடும், 2001ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் இசட் புள்ளிக் கணக்கும் வீடுதோறும் பேசப்பட்டு வந்துள்ளன. தசமத்துக்குப் பின்வரும் நான்காம் இலக்கத்திலே ஒரு பிள்ளையின் வாழ்வு தங்கியிருக்கும்போது வேறு பேச்சுக்கு இடமேது? ஆயினும் அதே பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு வாயிலும் உண்டு. பட்டம் பெற்றவர் மேற்படிப்புக்காக நுழையும் வாயில் அது. அங்கே இசட் புள்ளி இல்லை. மாவட்டக் கணக்கு இல்லை. மானியங்கள் ஆணைக்குழு தெரிவுசெய்து அனுப்புவதும் இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் மாணவரைத் தானே தெரிந்துகொள்கின்றது. அவ்வாயில் எவ்வாறு திறக்கும் என்பதை அறியாமையால், தகுதி வாய்ந்த பட்டதாரிகள் பலர் அதன் பக்கமே செல்வதில்லை.

முன்னொரு காலத்தில் இப்படிப்பைக் கடல் கடந்தே பெறவேண்டியிருந்தது. 1921இல் கொழும்பிலே திறக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி, இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னரே நாடு தன் பெயராற் பட்டம் வழங்கலாயிற்று. அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1943இல் அமர்ந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி என்பது பலர் மறந்துவிட்ட செய்தி. அவருக்குப் பின் அப்பதவியை வகித்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, பழந்தமிழ்ச் சாசனங்களின் மொழியை ஆராய்ந்து இலண்டனிலே கலாநிதிப் பட்டம் பெற்றவர். அடுத்த தலைமுறையினரான க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திலே, கிரேக்க இலக்கிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தனர். முன்னவர் தினகரன் பத்திரிகையின் ஆசிரியராயிருந்தவர். பின்னவர் பள்ளி ஆசிரியராகவும் நாடாளுமன்ற மொழிபெயர்ப்பாளராகவும் கடமையாற்றியவர். உத்தியோகத்தில் அமர்ந்த பின் படிப்புக்குத் திரும்ப முடியாது என்று எண்ணுவோர் இவ்விருவரையும் நினைத்துப் பார்க்கலாம்.

இன்று கப்பலேற வேண்டிய கட்டாயம் இல்லை. விவசாயத்துக்குப் பேராதனையில் 1975இலும், மருத்துவத்துக்குக் கொழும்பில் 1980இலும் தனிப் பட்டப்பின் படிப்பு நிறுவகங்கள் எழுந்தன. கலைத்துறை மாணவருக்குப் பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களில் முதுமாணி, முதுதத்துவமாணி, கலாநிதி ஆகிய பட்டங்களுக்கு வழியுண்டு. வகுப்புக்குச் சென்று பாடங்கேட்டுப் பரீட்சை எழுதிப் பெறும் முதுமாணிப் பட்டம் பெரும்பாலும் சனி, ஞாயிறு நாட்களிலே நடைபெறுவது, ஆசிரியர்க்கு வாய்ப்பானது. ஆய்வினாற் பெறும் பட்டங்கள் வேறு வகையின. நான்காண்டுச் சிறப்புப் பட்டத்தில் நல்ல வகுப்பிற் சித்தியெய்தியவருக்கு அவற்றுக்குச் செல்லும் பாதை நேரானது. மூன்றாண்டுப் பொதுப் பட்டம் பெற்றவர் பட்டப்பின் டிப்ளோமாவையோ தகைமைகாண் பரீட்சையையோ கடந்து வரவேண்டியிருக்கும். அது சுற்றுவழியே அன்றி அடைபட்ட வழியன்று. கிராமப் பாடசாலைகளிற் கற்பிக்கும் பட்டதாரிகளிற் பெருந்தொகையினர் பொதுப் பட்டம் பெற்றவர்களே. அவர்களுக்கு இதனை எடுத்துச் சொல்வார் இல்லை.

இவையெல்லாம் பல்கலைக்கழகம் வெளியிடும் கைநூலிலே காணக்கூடியவை. கைநூலிற் காணாதது ஒன்றுண்டு. ஆய்வு மாணவர் ஒருவரை உள்ளே அழைப்பது அவருடைய புள்ளிகள் மாத்திரம் அன்று. அவர் கொண்டுவரும் வினா. பாடசாலையிலே பதின்மூன்று ஆண்டும் பல்கலைக்கழகத்திலே மூன்று நான்கு ஆண்டும் பிறர் கேட்ட வினாக்களுக்கு விடை எழுதிப் பழகிய பிள்ளையிடம், "உமது வினா யாது?" என்று திடீரெனக் கேட்கப்படுகின்றது. பிள்ளை திகைக்கின்றது. திகைத்தபின், 'ஈழத்துத் தமிழ் நாடகம்' என்றோ 'மலையக இலக்கியம்' என்றோ ஒரு தலைப்பை எழுதி நீட்டுகின்றது. அது பெயர்ப்பலகை, வினாவன்று. மலைநாட்டிலே ஒரு தோட்டத்தை எடுத்துக்கொண்டு, அங்கே காமன் கூத்தை ஆடியவர் யாவர், லயத்துப் பிள்ளைகள் கொழும்புக்கு வேலை தேடிச் செல்லத் தொடங்கியபின் அக்கூத்து என்னவாயிற்று என்று கேட்டால் அது வினா. யாரைக் காணவேண்டும், எதைப் படிக்கவேண்டும் என்பதையும் அவ்வினாவே சொல்லிவிடும்.

இத்தகைய வினாக்கள் பேராசிரியர்களின் மேசையிலே பிறப்பனவல்ல. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தை மேடையேற்றியபோது, அதில் ஆடிய மாணவருள் ஒருவர் சி. மௌனகுரு. இராவணனாக ஆடியவர் அவர். கிழக்கு மண்ணிற் பிறந்து, அக்கூத்தைப் பார்த்தும் ஆடியும் அறிந்த அவர், பின்னாளில் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களையே தம் கலாநிதிப் பட்டத்துக்குரிய ஆய்வுப் பொருளாக்கினார். காலால் ஆடியறிந்த ஒன்றைக் குறித்து எழும் வினாவுக்கும், நூற்பட்டியலைப் பார்த்துப் பொறுக்கிய தலைப்புக்கும் உள்ள வேறுபாட்டை எந்த மேற்பார்வையாளரும் முதற் பக்கத்திலேயே கண்டுகொள்வார்.

மேற்பார்வையாளர் என்பவரைப் பற்றியும் ஒரு சொல். ஆய்வுப் பட்டத்துக்கு விண்ணப்பப் படிவத்தை நிரப்புமுன்னரே, அத்துறையிலே வல்ல விரிவுரையாளர் ஒருவரைக் கண்டு பேசி அவர் இசைவைப் பெறுதல் வேண்டும். நகரத்துப் பிள்ளை இதனை எவரிடமாவது கேட்டறிந்துகொள்ளும். வன்னியிலோ மூதூரிலோ இருக்கும் பட்டதாரி, அழைப்பு வரும் என்று காத்திருப்பார். அழைப்பு வராது. இரண்டு பக்கத்திலே தம் வினாவையும், அதுபற்றி இதுவரை படித்தவற்றையும் எழுதி அனுப்புவதில் நாணத்துக்கு இடமில்லை. (அக்கடிதத்துக்குப் பதில் எழுதும் வழக்கத்தை விரிவுரையாளர்களும் கைவிடாதிருத்தல் நன்று.)

இனி, பணம். 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி, பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை என்று போற்றப்படுவது. உண்மையில் அது முதற் பட்டத்தோடு நின்றுவிடுகின்றது. மகாபொல உதவியும் அவ்வாறே. பட்டப்பின் படிப்புக்குக் கட்டணம் உண்டு. விஞ்ஞான மாணவருக்கு ஏதேனும் ஓர் ஆய்வுத் திட்டத்தின் வாயிலாக மாதப்படி கிடைப்பதுண்டு. வரலாற்றையோ இலக்கியத்தையோ ஆராய்பவர் பெரும்பாலும் தம் சம்பளத்திலிருந்தே கட்டணம் செலுத்தி, பேருந்துச் செலவையும் தாமே ஏற்கவேண்டியவர். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் செலவும் உள்ள ஆசிரியருக்கு அது சிறு பாரமன்று. வசதியுடையோர் மட்டும் ஆராய்ந்தால், வசதியற்றோரின் ஊர்களைப் பற்றிய வினாக்களைக் கேட்பவர் யார்? இக்குறையைப் பல்கலைக்கழகங்களும் அரசும் இன்னும் சீர்செய்யவில்லை என்பதை ஒளிப்பதிற் பயனில்லை.

ஆங்கிலம் பற்றியும் அச்சம் நிலவுகின்றது. தமிழ்த் துறையிலே ஆய்வேட்டைத் தமிழில் எழுத இடமுண்டு. ஆனால் ஆங்கில நூலைப் படித்து விளங்கிக்கொள்ள இயலாதவர் பாதி வழியிலே தவிப்பர். பேச வராவிடினும் படிக்கப் பழகிக்கொள்ளலாம். நூல்களைத் தேடும் தொல்லையோ முன்னிலும் குறைந்துள்ளது. 2005இலே தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய சஞ்சிகைகளையும் நூல்களையும் ஊரிலிருந்தே படிக்கலாம்.

பாடசாலையிலும் இதற்கு ஆயத்தஞ் செய்ய இயலும். உயர்தர வகுப்பு ஆசிரியர் வாரத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்கி, மாணவர் தம் ஊரைப் பற்றி ஒவ்வொரு வினாவை எழுதிவரச் செய்யலாம். விடை எழுதலாகாது என்பதே நிபந்தனை. இந்தக் குளத்துக்கு இப்பெயர் எவ்வாறு வந்தது, கோயிற் கூத்து எந்த ஆண்டிலே நின்றது, கடற்கரைக் கிணற்று நீர் எப்போது உவர்த்தது என்று எழுதி வருவார்கள். முதல் வாரம் பாதிப் பேர் வெறுந்தாளையே கொடுப்பர். மூன்றாம் வாரம் ஆசிரியருக்கே விடை தெரியாத வினாக்கள் வரத் தொடங்கும். அவற்றை ஒரு கொப்பியிலே பதிந்து வைத்தால் போதும். பட்டம் பெற்றபின் அவர்களுள் யாராவது அக்கொப்பியைத் தேடி வரக்கூடும்.