ஆளை மாற்றாதே, வேலையை மாற்று!

(கரமனைத் தமிழ்த் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் பிழைப்புக்கு வந்து, சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்தும் தராசு பிடித்தும் நம்மவர் பலர் நரைத்துவிட்டார்கள். இருபது வயதில் வந்தவருக்கு இன்று அறுபது. "இனி ஊருக்குப் போய் ஓய்வெடுங்கள்" என்கிறார் முதலாளி. ஊரில் நிலமா இருக்கிறது, வீடா இருக்கிறது?

2011 கணக்கெடுப்பின்படி அறுபதும் அதற்கு மேலும் வயதானவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு 8.6 பேர், கேரளத்தில் 12.6 பேர். இங்குள்ள இளைஞர்கள் வளைகுடாவுக்குப் புறப்படுகிறார்கள். முதியவரையும் அனுப்பிவிட்டால் கடையை யார் நடத்துவது?

வயதானவரை வைத்திருந்தால் நஷ்டம் என்பார்கள். ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் நகரத்து பி.எம்.டபிள்யூ. கார் தொழிற்சாலையில் 2007இல் ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவில் சராசரி வயது 47 வரும்படி ஆட்களை அமர்த்தி, என்ன மாற்றம் வேண்டும் என்று அவர்களையே கேட்டார்கள். மரத்தளம், வசதியான நாற்காலி, எழுத்தைப் பெரிதாக்கும் கண்ணாடி என 70 சிறு மாற்றங்கள். ஓராண்டில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் உயர்ந்தது!

நம் கடைகளிலும் இது முடியும். முதலில், உட்கார ஒரு முக்காலி. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் விற்பனைப் பெண்கள் போராடினார்கள். 2018இல் கேரளக் கடைகள் சட்டம் திருத்தப்பட்டு அது உரிமையாயிற்று. 2021இல் தமிழ்நாடும் அவ்வாறே செய்தது. அடுத்து, சுமை. ஓர் ஆண் தூக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் இருந்தால் குறைக்க வேண்டும் என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே பரிந்துரைத்தது. சிறு மூட்டையும் ஒரு தள்ளுவண்டியும் போதும். நல்ல வெளிச்சம், பெரிய எழுத்தில் விலைச்சீட்டு, குறைந்த நேர வேலை இவற்றுக்குப் பெரிய முதல் வேண்டாம். சரக்கின் தரமும் வாடிக்கைக்காரரின் குணமும் அறிந்தவர் பழைய ஆள்தான். புதிதாக வருபவருக்கு அவரே கற்றுக்கொடுக்கட்டும்.

அப்படியும் முடியாமல் விலகுபவர் வெறுங்கையோடு போகக் கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள கடையில் 5 ஆண்டு தொடர்ந்து உழைத்தவருக்கு, ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியம் பணிக்கொடையாகச் சேர வேண்டும். வேலையில் சேர்ந்த தேதிக்கு எழுத்து இல்லாவிட்டால் எதைக் காட்டிக் கேட்பீர்கள்? சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், வாங்கியதைப் பத்திரப்படுத்துங்கள்.

தனியாளாகப் போனால் "நாளை வா" என்பார்கள். ஒரு தெருவே சேர்ந்து போகட்டும்.