மூத்தோர் உணவும் நம் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிழைப்பை நாடித் தில்லிக்கு வந்து நிலைபெற்றுவிட்ட நாம், ஊரில் தனித்திருந்த தாய் தந்தையரையும் அழைத்து வந்து நம்மோடு வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆயினும், அவர்கள் வேளைதோறும் எவ்வளவு உண்கிறார்கள் என்பதை நாம் கவனிக்கிறோமா? மகனும் மருமகளும் அலுவலகம் சென்றபின், ஆளரவமற்ற வீட்டில் ஒரு பிடி ரசஞ்சோறும், மாலையில் காப்பியும் இரண்டு பிஸ்கோத்துமாக நாளைக் கழிக்கும் முதியோர் நம்மிடையே பலர். 'பசியில்லை' என்பார்கள். பிறருக்குப் பாரமாகக் கூடாது என்ற எண்ணமும் அச்சொல்லில் மறைந்திருக்கக் கூடும்.

வயதானால் இளைப்பது இயல்புதானே என்று நாமும் வாளாவிருந்து விடுகிறோம். இக்கருத்து தவறானது. முயலாமலே ஆறு மாதத்திற்குள் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்தால், அதை ஊட்டக் குறைவின் அடையாளமாக மருத்துவர்கள் கொள்கிறார்கள். 50 கிலோ எடையுள்ள பாட்டியாருக்கு இது வெறும் இரண்டரைக் கிலோ. நாள்தோறும் பார்க்கும் நம் கண்ணுக்கு அது புலப்படாது. வளையல் கழல்வதே முதலில் தெரியும். இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. அதனால் நடை தளர்ந்து, விழுந்து எலும்பு முறிய நேரிடுகிறது. புண் ஆறுவதும் தாமதமாகிறது. ஆகவே, மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைப்போமாக.

எடை குறைந்தால் முதலில் காரணத்தை ஆராய வேண்டும். பொருந்தாத பல் செட், விழுங்குவதில் தொல்லை, மனச்சோர்வு, காசநோய், தைராய்டுக் கோளாறு, உட்கொள்ளும் மருந்து ஆகிய எதுவும் காரணமாகலாம். எனவே மருத்துவரிடம் காட்டுவதே முறை.

முதியோருக்கு நாள்தோறும் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமேனும் புரதம் வேண்டும். நோயால் நலிந்தோருக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவைப்படலாம். ஒரு முட்டையிலும் ஒரு தம்ளர் பாலிலும் ஏறக்குறைய ஆறு கிராம் வீதம் கிடைக்கும். ரசஞ்சோற்றை மட்டும் நம்பினால் இவ்வளவு எட்டாது. ஆகவே ரசத்திற்கு முன் நெய் விட்டுக் குழைத்த பருப்புச் சோறு, பால் பொடி கலந்த கஞ்சி, மசித்த சுண்டல், தயிர் என ஐந்தாறு முறை சிறிது சிறிதாகக் கொடுப்போம். இளைத்தவர்க்குப் பழைய பத்தியங்கள் இன்னமும் தேவைதானா என்று மருத்துவரைக் கேட்டுத் தளர்த்தலாம். சிறுநீரக நோயுள்ளோர்க்குப் புரத அளவை அவரே வகுக்க வேண்டும். பல நாள் உண்ணாது மிக நலிந்தவர்க்குத் திடீரென நிறைய ஊட்டினால், இரத்தத்தில் பாஸ்பேட் முதலிய உப்புகள் தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே கூட்ட வேண்டும். தசை வளர உணவோடு இயக்கமும் தேவை. இயன்றவர்கள் நாற்காலியிலிருந்து பல முறை எழுந்து அமர்ந்து பழகுவது நன்று.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தனியே உண்பவர்க்கு உணவு இறங்குவதில்லை. அண்டை வீட்டு முதியோர் இருவர் மூவரேனும், முறை வைத்து ஒரே வீட்டில் பகலுணவு கொள்ள இச்சங்கத்தின் மாதர் பகுதியும் இளைஞர்களும் ஏற்பாடு செய்தல் வேண்டும். இந்த ஆண்டிலேயே அதைத் தொடங்குவோம்.