கலமும் கலப்பற்றும்



தமிழன் கடலோடினான் என்பது மேடைதோறும் முழங்கப்பெறும் செய்தி. நாவாய், வங்கம், அம்பி, திமில் எனக் கழக நூல்களிலிருந்து பெயர்களை அடுக்குவதும் உண்டு. கட்டுமரம் என்னும் சொல் ஆங்கிலத்துட் புகுந்து வழங்குவதும் யாவரும் அறிந்ததே. ஆனால், அக் கலங்களைக் கட்டியவன் யார்? எம் மரத்தால் கட்டினான்? ஓடி இளைத்துக் கரைசேர்ந்த கலத்தை மீண்டும் எவ்வாறு கடலுக்குத் தகுதியாக்கினான்? இவற்றுக்கு விடை கூறவல்லார் இந் நாட்டில் எத்துணைப் பேர்?

மணிமேகலை அவனைக் கலஞ்செய் கம்மியன் என்று குறிக்கின்றது. அவன் வேலை ஏராவில் தொடங்கும். கலத்தின் அடியில் முதுகெலும்புபோல் நீண்டு கிடக்கும் கட்டையே ஏரா. அதன் முன்முனை அணியம் நோக்கி எழும். இரு பக்கமும் விலாவெலும்புபோல் வளைந்து நிற்கும் கால்களுக்கு வங்கு என்று பெயர். வங்குக்கு நேரான மரத்தை அறுத்து வளைவு செதுக்குதல் ஆகாது. செதுக்கினால் மரத்தின் நரம்பு அறுபட்டு, அலை மோதும்போது அவ்விடத்தே முறியும். ஆதலால், இயற்கையிலேயே வளைந்து வளர்ந்த கருவேலங் கிளையைத் தேடி எடுப்பான் கம்மியன். காட்டில் நிற்கும்போதே அம் மரம் அவன் கண்ணுக்கு வங்காய்த் தோன்றும். தேக்கு, அயினி, வேம்பு, இலுப்பை எனப் பலகைக்கும் கட்டைக்கும் மரம் தெரிந்தெடுத்தலும் அத்தகைய அறிவே.

சோழமண்டலக் கரையில் ஆணியே அறையாது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகளும் நெடுங்காலம் வழங்கின. அலை ஓங்கி அடிக்கும் அக் கரையில் விறைத்து நிற்கும் படகு பிளந்துபோம். தைத்த படகோ நெகிழ்ந்து கொடுத்து மீளும். இது வறியவனின் குறையன்று. கடலை அறிந்தவனின் தேர்வு.

கட்டுதல் ஒருமுறை, காத்தலோ ஆண்டுதோறும். மரக்கலத்துக்குப் பகை இரண்டு. ஒன்று புழு. பெயரளவில்தான் அது புழு. உண்மையில் சிப்பியினத்தைச் சேர்ந்தது. இளமையில் ஊசிமுனையளவு துளையிட்டு உட்புகுந்து, உள்ளேயே வளர்ந்து மரத்தைக் குடையும். மேற்பார்வைக்குப் பலகை நன்றாகவே இருக்கும், உள்ளே சல்லடையாகிவிடும். மற்றொன்று மழைநீர். உப்புநீர் மரத்தைக் காக்கும்; தேங்கிய நன்னீரோ மரத்தை உளுக்கச் செய்யும்.

ஆகவே, காற்று மிகுந்து கடலோட இயலாத திங்கள்களில் கலத்தைக் கரையேற்றுவர். அடிப்புறத்தில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டி வெயிலில் உலர்த்துவர். உலர்ந்தால் புழு சாகும். பலகைப் பொருத்துவாய்களில் உள்ள பழைய அடைப்பைக் கிண்டி எடுத்துவிட்டு, பஞ்சையோ நாரையோ திரியாக முறுக்கி, உளியும் கொட்டாப்புளியும் கொண்டு உள்ளே செலுத்துவர். திரி குறைந்தால் நீர் கசியும். மிகுந்தால் பலகை நெகிழும். அடிக்கும் ஓசை மாறுவதைக் கேட்டே போதும் போதாது என்று தேர்ந்த கையினன் அறிவான். அதன்மேல் குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சிப் பூசுவர். கலம் மீண்டும் நீரில் இறங்கியதும் பலகை ஊறிப் பருக்கும். பொருத்துவாய் தானே இறுகும். இவ் வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். தூத்துக்குடித் துறையில் அது கலப்பத்து என வழங்கும்.

இஃது இன்று நேற்றுத் தோன்றிய தொழிலன்று. சிதைந்த கலத்தைப் பயின் என்னும் பிசினால் திருத்துகின்ற, திசையறிந்த நீகானைப் பரிபாடல் உவமையாகக் காட்டுகின்றது. பயின் பூசும் வேலை புலவன் உவமைக்கு எடுக்கும் அளவுக்கு ஊரறிந்ததாய் இருந்திருக்கின்றது.

அக் கைத்திறம் அண்மைக்காலம்வரை பட்டுப்போகவில்லை என்பதற்கு ஈழத்து வல்வெட்டித்துறையே சான்று. அங்குக் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் ஏறத்தாழ 90 அடி நீளப் பாய்க்கலத்தை, உலகைக் கலத்தில் சுற்றிவந்த அமெரிக்கராகிய இராபின்சன் விலைக்கு வாங்கினார். அது பெருங்கடல் கடந்து 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோசெசுட்டர் துறையை அடைந்தது. கடலோடியாகிய ஒருவர் வல்வெட்டித்துறைக் கம்மியரின் கைவேலையை நம்பி அதனை வாங்கினார். இதனினும் சிறந்த நற்சான்று வேறு வேண்டுமா?

இன்றோ தூத்துக்குடித் தோணிகளிலும் பொறி புகுந்துவிட்டது. பொறி வந்ததைக் குறைகூறுவதற்கில்லை. கடலில் உயிர் காப்பது எதுவாயினும் நன்றே. வருந்தத்தக்கது வேறு. கலப்பற்றுக் கையினன் மகன் உளியைத் தொடுவதில்லை. தந்தையின் காதறிந்த ஓசை அவரோடு அடங்குகின்றது. அத்தோடு ஏரா, வங்கு, பருமல், அணியம் என்னும் சொற்களும் அடங்குகின்றன.

தமிழன்பர்கள் இங்கு ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஓர் அயற்சொல்லைக் கண்டால் அறைக்குள் அமர்ந்து புதுச்சொல் புனைகின்றனர். அதே பொருளுக்குத் துறையில் நிற்கும் தச்சன் வாயில் பழஞ்சொல் உயிரோடிருப்பதைக் கேட்பதில்லை. அவன் வாயில் சுக்கான் என்னும் அரபுச் சொல்லும் உண்டு, மறுப்பதற்கில்லை. அயலாரோடு கடலில் கலந்தவன் நாவில் அயற்சொல் ஒட்டுவது, அடிமரத்தில் சிப்பி ஒட்டுவது போன்றது. சிப்பியைச் சுரண்டலாம், அதற்காகக் கலத்தைக் கைவிடுவார் உண்டோ?

செய்யத்தக்கது இதுவே: கடற்கரை ஊர்களின் தமிழாசிரியர்கள் மாணவரைக் கலங்கட்டும் துறைக்கு அழைத்துச் செல்க. ஒவ்வோர் உறுப்புக்கும் கருவிக்கும் கம்மியன் வழங்கும் பெயரை அவன் ஒலிக்கும் வண்ணமே எழுதுக; படம் வரைந்து சேர்க்க. முதியோர் உள்ளபோதே செய்க.

மொழியும் ஒரு மரக்கலமே. கட்டிய முன்னோரைப் போற்றுவதால் மட்டும் அது மிதவாது. ஆண்டுதோறும் கரையேற்றி, பழுது பார்த்து, பொருத்துவாய் அடைப்பவர் வேண்டும். அத்தகைய கைகள் பெருகுக!