குறைந்த செலவில் மீன் தொட்டி



வீட்டில் அழகு மீன் வளர்ப்பது செல்வர்க்கே உரிய பொழுதுபோக்கு என்று பலர் எண்ணுகின்றனர். வேறு சிலரோ ஒரு கண்ணாடிக் குடுவையும் இரண்டு பொன்மீன்களும் வாங்கிவிட்டால் காரியம் முடிந்தது என்று கருதுகின்றனர். இவ்விரண்டு கருத்துகளும் பொருந்தா. நடுத்தரக் குடும்பத்தினர் தம் வருவாய்க்குள்ளேயே நல்லதொரு மீன் தொட்டியை அமைத்துக்கொள்ளலாம். ஆனால், சிக்கனத்தை எங்கே காட்டலாம், எங்கே காட்டலாகாது என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். பசித்தால் நாய் குரைக்கும்; கன்றும் கதறும். மீனுக்கோ குரல் இல்லை. நம் சிக்கனம் அதன் உயிரை வாங்கினாலும் அது முறையிடுவதில்லை.

1850ஆம் ஆண்டில் இராபர்ட் வாரிங்டன் என்னும் ஆங்கில வேதியியல் அறிஞர் தம் தொட்டி ஒன்றைப் பற்றி எழுதினார். அதில் பொன்மீனும், வாலிஸ்னேரியா என்னும் நீர்க்கொடியும் இருந்தன. செடியின் இலைகள் அழுகி நீரைக் கெடுத்தபோது, அழுகலைத் தின்ன நத்தைகளை விட்டார், நீர் தெளிந்தது. மீன் தொட்டி வெறும் பாத்திரமன்று, அஃது ஒரு சிறு குளம் என்பதே இதனால் நாம் அறியும் பாடம்.

முதலாவதாகத் தொட்டியைப் பார்ப்போம். சிறிய தொட்டிதான் செலவு குறைந்தது, எளிதானது என்று தோன்றும். உண்மை இதற்கு நேர்மாறானது. ஐந்து லிட்டர் குடுவையில் மீனின் கழிவு விரைவில் நஞ்சாகிறது. பெரிய தொட்டியில் அதே கழிவு மிகுந்த நீரில் கலந்து வலிமை குன்றுகிறது. மேலும், காற்றிலுள்ள பிராணவாயு நீரின் மேற்பரப்பு வழியாகவே உட்புகுகிறது. குறுகிய வாயுள்ள குடுவையை விளிம்புவரை நிரப்பினால், சன்னலில்லாத அறையில் வகுப்பு நடத்துவதை ஒக்கும். ஆகவே 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமும் உள்ள தொட்டி ஒன்றை வாங்குங்கள். மணலும் மேலே விடும் இடமும் போக, அதில் ஏறத்தாழ 45 லிட்டர் நீர் நிற்கும். பழைய தொட்டி மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ஆனால் முற்றத்தில் வைத்து நீர் நிரப்பி, இரண்டு நாள் கசிவு பார்த்த பின்னரே வீட்டினுள் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

நிரம்பிய தொட்டியின் எடை 60 கிலோவுக்கு மேலாகும். ஆட்டங்காணும் முக்காலி இதற்கு ஆகாது. சமமான உறுதியான மேசையின்மேல் தெர்மோகோல் தகடு விரித்து, அதன்மேல் வையுங்கள். நேர் வெயில் படும் சன்னலோரம் வேண்டா. பாசி மண்டும், நீரும் சூடேறும். சூடேறிய நீரில் பிராணவாயு குறைவு என்பதையும் நினைவிற்கொள்க.

அடியில் இடும் மணலைக் கலங்கல் நீங்கும்வரை பன்முறை கழுவ வேண்டும். சிப்பி, சுண்ணாம்புக்கல் ஆகியவை நீரின் கடினத்தன்மையைக் கூட்டும். ஐயமுள்ள கல்லின்மேல் சிறிது வினிகரை விட்டால், சுண்ணாம்புக்கல்லாயின் நுரைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் பார்த்த ஹைட்ரில்லா இங்கும் உதவும். அது கழிவுச் சத்தையும் ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும்.

குழாய்நீரில் குளோரின் இருந்தால் மீனின் செவுள் புண்ணாகும். அகன்ற வாளிகளில் ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் குளோரின் அகன்றுவிடும். குளோரமீன் கலந்த நீராயின் இம்முறை போதாது. கடையில் கிடைக்கும் குளோரின் முறிப்பானைப் பயன்படுத்த வேண்டும். செப்புக் குடத்தில் தேக்கிய நீரைத் தொட்டிக்கு ஊற்றாதீர்கள். செம்பு மீனுக்கும் நத்தைக்கும் நஞ்சாகும்.

ஒரு சிறு காற்றுப் பம்பும் ஸ்பாஞ்சு வடிகட்டியும் வாங்குங்கள். இவை மலிவானவை, மின்சாரமும் மிகக் குறைவாகவே செலவாகும். மின்சாரம் நின்றால் நீர் குழாய்வழியே திரும்பிவராதிருக்க, பம்பை நீர்மட்டத்திற்கு மேலே வைத்தல் நலம்.

இனி, மிக முக்கியமான செய்திக்கு வருகிறேன். தொட்டி அமைந்த அன்றே மீன் விடலாகாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறுசில அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் மீனுக்குக் கொடிய நஞ்சுகள். மூன்றாவது அவ்வளவு தீங்கற்றது. இந்நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் மணலிலும் குடியேறிப் பெருகப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை மீனில்லாத் தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவு இட்டு வடிகட்டியை ஓடவிடுங்கள். நன்கு நடந்துவரும் தொட்டியுடைய நண்பரிடம் பழைய ஸ்பாஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கியிட்டால், தயிருக்கு உறை ஊற்றியதுபோல் வேலை விரைவுபடும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று சோதனைத் துளிமருந்து காட்டிய பின்னரே மீன் வாங்கப் புறப்படலாம். புது மீன்கள் ஒரு வாரத்தில் மாண்டு, குழந்தைகள் கண்கலங்கும் வீடுகளில் பெரும்பாலும் குறைவது பணமன்று, இந்தப் பொறுமையே.

எம்மீன் வாங்கலாம்? பொன்மீன் சிறிதாக விற்கப்பட்டாலும் அரை அடிக்குமேல் வளரும், கழிவும் மிகுதி. நம் அளவிற்கு அஃது ஏற்றதன்று. கப்பி மீன்களே தொடக்கத்திற்குச் சிறந்தவை. நம் சமவெளியின் வெப்பத்தில் அவற்றிற்குச் சூடேற்றும் கருவி தேவையில்லை. அவை குட்டி போடும் இனமாதலின், ஆணும் பெண்ணுமாக வாங்கினால் மாதந்தோறும் குடும்பம் பெருகும். ஆகவே வண்ணமிகு ஆண் மீன்களையே ஆறு வாங்குங்கள். முதலில் மூன்று, இரண்டு வாரம் கழித்து மூன்று. சென்னைக் கொளத்தூரில் அழகு மீன் வளர்ப்போரும் விற்போரும் மிகப்பலர். எங்கு வாங்கினும், சுறுசுறுப்பாக நீந்துவனவற்றையே தெரிந்தெடுங்கள். பையைத் தொட்டிநீரில் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, வெப்பநிலை ஒத்துவந்த பின் மீனை விடுக.

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே உணவு இடவேண்டும். பட்டினியால் மடியும் மீனினும், அன்பு மிகுந்து இட்ட இரையால் நீர் கெட்டு மடியும் மீனே அதிகம். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுங்கள். எடுத்த நீரைத் துளசிக்கும் ரோஜாவிற்கும் ஊற்றினால் அவை செழிக்கும். ஸ்பாஞ்சை அவ்வெடுத்த நீரிலேயே அலசுக. குழாய்நீரும் சோப்பும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

வளர்க்க இயலாமற்போனால், மீன்களை ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். அயல்நாட்டு இனங்கள் நம் நீர்நிலைகளின் சொந்த மீன்களை நலிவிக்கும். கடையிலோ நண்பரிடமோ ஒப்படைப்பதே முறை.

சுருங்கக் கூறின், உங்களிடமுள்ள தொகையில் பெரும்பகுதியைத் தொட்டிக்கும் வடிகட்டிக்கும் செலவிடுங்கள். அலங்காரப் பொம்மைகளில் சிக்கனம் காட்டுங்கள். மீனைக் கடைசியில் வாங்குங்கள். காத்திருக்கும் அந்த ஆறு வாரமும் வீணன்று. நீரின் வெப்பநிலையையும், செடியில் துளிர்க்கும் புதிய இலையையும் குழந்தை ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வரட்டும். ஓர் உயிரை வீட்டிற்கு அழைக்குமுன் அதற்கு இடம் ஆயத்தம் செய்யவேண்டும் என்பதைக் குழந்தை அங்கே கற்றுக்கொள்கிறது. ஆசிரியனாக நெடுங்காலம் பணியாற்றிய எனக்கு, அதனினும் சிறந்த பாடம் ஒன்று தோன்றவில்லை.