போய் வரும் முகம்

கைபேசியில் நாம் தேடும் நெருக்கத்தைப் பற்றி உளப்பகுப்பாய்வு என்ன சொல்கிறது என்பதே இன்றைய பேச்சு. திருகோணமலையில் உளவளத்துணையாளராக வேலை செய்யும் எனக்கு, இந்த விசயத்தில் முதலில் நினைவுக்கு வருவது பிள்ளைகள்தான்.

மூதூர், கிண்ணியாப் பக்கம் தாய்மார் குவைத்திலும் சவூதியிலும் வேலை செய்யும் வீடுகள் பல. அங்கே பிள்ளைக்கு உம்மா என்றால் இரவில் இமோ வீடியோ அழைப்பில் தெரியும் முகம். மூதூரிலிருந்து ஓர் உம்மும்மா தன் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாலு வயது. தாயின் முகம் தெரிந்த உடனே அழைப்பை வெட்டும் சிவப்புப் பொத்தானை அமத்திவிடுகிறானாம். பிறகு, "திரும்ப எடுங்க" என்று அழுகையாம். "பெத்தவளையே வேணாமெங்கிறான் மிஸ்" என்று கண்கலங்கினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள் நேயர்களே. உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் பிராய்ட் 1920இல் வெளியிட்ட 'இன்ப விதிக்கு அப்பால்' என்ற நூலில், ஒன்றரை வயதுப் பேரனின் விளையாட்டை எழுதுகிறார். தாய் வெளியே போனால் அவன் அழமாட்டான். நூல் கட்டிய மரக்கட்டையைத் திரை போட்ட தன் கட்டிலுக்குள் எறிவான், அது மறையும். நூலை இழுப்பான்; அது வரும். அப்படியொரு மகிழ்ச்சி! தாய் போவதைத் தடுக்க அவனால் முடியாது. கட்டையை அனுப்புவதும் அழைப்பதும் அவன் கையில். 'போ, நானே உன்னை அனுப்புகிறேன்' என்ற கோபமும் அதில் இருக்கலாம் என்கிறார் பிராய்ட்.

அதே பிள்ளை கண்ணாடி முன் குனிந்து தன் உருவத்தையும் மறைத்து விளையாடினானாம். எங்கள் மூதூர்ப் பையனும் கமராவுக்குக் கீழே குனிவான், திரை மூலையில் தன் முகம் காணாமற்போகும், எழும்பிச் சிரிப்பான். தான் யார் என்பதைப் பிள்ளை இப்படித்தான் தொட்டுப் பார்க்கிறது.

"அவன் வெட்டட்டும், ஏசாதீங்க" என்றேன் உம்மும்மாவிடம். கோபிக்காமல் திரும்ப எடுக்கும்படி தாயிடம் சொன்னோம். நாட்கள் போகப்போக அவன் முன்பள்ளிக் கதையெல்லாம் சொல்லத் தொடங்கினான். வெட்டினாலும் உம்மா வருவா என்று அவனுக்கு நிச்சயமாகிவிட்டது.

கோபத்தில் காதலரை பிளொக் பண்ணி, அடுத்த நாளே விடுவிக்கும் இளைஞர்களே, உங்களுக்குள்ளும் அந்தப் பிள்ளை இருக்கிறது. ஆனால் மறுபக்கத்தில் இருப்பது மரக்கட்டை அல்ல, நோகும் மனம்.

தூரத்தில் இருக்கும் தாய் தகப்பன்மாரே, கோலை முடிக்கும்போது அடுத்து எப்போது எடுப்பீர்கள் என்று சொல்லுங்கள்; சொன்ன நேரத்துக்கு எடுங்கள். பிள்ளை வெட்டினால் மனம் தளராமல் இன்னொரு முறை எடுங்கள்.