வரலாற்றை மாற்றுவது ஆட்சியே!

(தலைப்பு: பாடப்புத்தகத்தில் வரலாறு மாறுவதற்குப் பெரிதும் காரணம் ஆராய்ச்சியா? ஆட்சியா?)

அன்பிற்குரிய நடுவர் அவர்களே! கீழடிப் பானையைத் தலையில் சுமந்துகொண்டே மேடை ஏறியிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

நான் முப்பத்து நாலு வருஷம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற வாத்தியார். பிள்ளைகளைத் தூங்க வைக்கிறதுல தாலாட்டுப் பாடுற அம்மாவுக்கு அடுத்த இடம் எங்களுக்குத்தான். (சிரிப்பு) ஆனா எங்களையே தூங்க விடாம பண்ணின சமாச்சாரம் ஒண்ணு உண்டு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

எனக்கு முன்னால் பேசிய தங்கை அழகாகச் சொன்னார்கள். சிந்துவெளி நாகரிகத்தைப் பற்றி மார்ஷல் 1924-ல் உலகத்துக்கு அறிவித்தார், அதுவரை வேத காலத்தில் தொடங்கிய இந்திய வரலாறு ஆயிரக்கணக்கான வருஷம் பின்னால் போனது, இது ஆராய்ச்சி செய்த மாற்றம்தானே என்று கேட்டார்கள். ஒத்துக்கொள்கிறேன் அம்மா. நல்ல வாதம். அடுத்து கீழடி என்றார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள்! (கைதட்டல்) கீழடியைத் தோண்டிய தொல்லியல் அதிகாரி 982 பக்கத்துக்கு அறிக்கை எழுதி 2023 ஜனவரியில் கொடுத்தார். 2025 மே மாதம் அது திருத்தம் கேட்டுத் திரும்பி வந்தது. அடுத்த மாதமே அவருக்கு இடமாற்றம். பூமிக்குள்ளே இருந்து பானையை எடுக்கிறது ஆராய்ச்சிதான், நான் இல்லேங்கல. அது புத்தகத்துக்குள்ளே போகலாமா கூடாதான்னு வாசல்ல நிக்கிறது யாரு? அதுதானே இன்றைக்குத் தலைப்பு!

ஒரு வேடிக்கை சொல்கிறேன். 1973 ஆகஸ்டு 15-ஆம் தேதி டெல்லி செங்கோட்டையில் ஒரு குழி தோண்டினார்கள். சுதந்திர இந்தியாவின் வரலாற்றை எழுதி, உலோகக் குடுவையில் அடைத்து, வருங்காலத் தலைமுறை எடுத்துப் படிக்கட்டும் என்று புதைத்தார்கள். அன்றைய பிரதமர் இந்திரா காந்தி. உள்ளே என்னதான் எழுதியிருக்கிறது என்று ஒரே சண்டை. ஆட்சி மாறியது. 1977-லேயே ஜனதா அரசு தோண்டி எடுத்துவிட்டது. காலம் காலமாக இருக்க வேண்டிய வரலாறு மண்ணுக்குள்ளே இருந்தது நாலே வருஷம்! நம்ம வீட்டு ஊறுகாய் ஜாடிக்குக் கூட அதைவிட ஆயுசு அதிகம். (பலத்த சிரிப்பு)

அந்தக் குடுவைக்கு நடந்ததுதான் புத்தகத்துக்கும் நடந்தது. ஆர். எஸ். சர்மா என்கிற பெரிய வரலாற்றறிஞர் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதிய பண்டைய இந்தியா புத்தகத்தை 1978-ல் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தார்கள். 2002-ல் வேறு ஆட்சி, வேறு புத்தகம். ஒன்பதாம் வகுப்புக்கு வந்த புத்தகத்தில் காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியே இல்லை! கூச்சல் எழுந்த பிறகுதான் சேர்த்தார்கள். அதுவரைக்கும் அந்தப் புத்தகத்தை மட்டும் படிச்ச பிள்ளை, காந்தித் தாத்தா இன்னும் சபர்மதியில நூல் நூற்றுக்கிட்டு இருக்கார்னு நினைச்சிருக்கும். (சிரிப்பு) 2004-ல் ஆட்சி மாற, 2006 முதல் மறுபடி புதுப் புத்தகங்கள். 2023-ல் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து முகலாய அரசவை பற்றிய பாடமே போனது. காந்தி கொலை பற்றிய சில வரிகளும் போயின. பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள். குறைக்கட்டும். சுமை குறைகிறபோது எந்தப் பக்கம் குறைகிறது என்று பார்க்க வேண்டாமா?

எங்க காலத்துல அண்ணன் படிச்ச புத்தகத்தைத் தம்பி படிப்பான், தம்பி படிச்சதைத் தங்கச்சி படிப்பா. அதுக்கப்புறமும் அரை விலைக்குப் போகும். அட்டை கிழிஞ்சிருக்கும், அசோகருக்கு மீசை வரைஞ்சிருக்கும், ஆனா உள்ளே இருக்கிற அசோகர் அதே அசோகர்தான். (கைதட்டல்)

இதுவரைக்கும் கைதட்டினீங்க. இனிமே தட்டுவீங்களான்னு தெரியல. ஏன்னா டெல்லியைத் திட்டினா நமக்குச் சுகமா இருக்கு. நம்ம வீட்டைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போமா?

2011. தமிழ்நாட்டில் ஆட்சி மாறியது. சமச்சீர் கல்விக்காக அச்சடித்த புத்தகங்கள் கட்டுக் கட்டாகத் தயாராக இருந்தன. கொடுக்காதே என்றது புதிய ஆட்சி. வழக்கு உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் போய், ஆகஸ்டு 9-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அதுவரை பிள்ளைகள் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐயா! பொதுத்தேர்வு எழுத வேண்டியவர்கள்! நான் என்ன நடத்துவது? வாய்க்கு வந்த கதையெல்லாம் சொல்லிச் சமாளித்தேன்.

கடைசியில் புத்தகம் வந்தது. கூடவே உத்தரவும் வந்தது. முந்தைய முதல்வர் எழுதிய செம்மொழி மாநாட்டுப் பாடல், இன்னும் சில பகுதிகள், எல்லாவற்றையும் தாள் ஒட்டி மறைக்க வேண்டும். ஆசிரியர்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். நடுவில் பசைக் கிண்ணம். பாட்டு தமிழ்ப் புத்தகத்தில்தானே இருந்தது, வரலாற்று வாத்தியாருக்கு என்ன வேலை என்று எதிரணி கேட்கும். பசை தடவ ஆள் பத்தலை ஐயா, கூப்பிட்டாங்க, போனேன். (சிரிப்பு) அசோகர் கல்வெட்டு, சோழர் கல்வெட்டு என்று பாடம் நடத்திய இந்தக் கையால்தான் எழுத்தை மறைத்தேன். முடியாது என்று சொல்லவில்லை. சம்பளம் வாங்கினேன்.

மறுநாள் வகுப்புக்குள் போனால், ஜன்னல் ஓரம் ஒரே கூட்டம். பயல்கள் அந்தப் பக்கத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒட்டுத்தாளுக்கு அடியில் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். என் சர்வீஸ்ல அவ்வளவு ஆர்வமா அவங்க வேற எதையும் படிச்சு நான் பார்த்ததில்லை! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிச்சாச்சு. இப்போ சிரிக்க முடியாத ஒண்ணு.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன். எங்கள் பகுதி அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம். நாடார் பெண்கள் தோளில் சீலை போட்டால் குற்றம். போட்ட பெண்களைச் சந்தையில், தெருவில் மறித்துச் சீலையைக் கிழித்தார்கள். 1822-ல் வெடித்த கலவரம் அடங்கி அடங்கி மறுபடி மறுபடி எழுந்தது. 1859-ல்தான், சென்னை கவர்னர் நெருக்கிய பிறகு, மகாராஜா அனுமதி கொடுத்தார். அதிலும் ஒரு நிபந்தனை, மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது! ஒரு முழத் துணிக்காக முப்பத்தேழு வருஷம் போராடினார்கள் எங்கள் ஊர்ப் பாட்டிமார்கள்.

இந்தப் போராட்டம் மத்திய வாரியத்தின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் இருந்தது. டெல்லியில் இருக்கிற பிள்ளையும் படித்தது. ஆனால் அந்தச் சமூகத்தை வந்தேறிகள் போலக் காட்டும் வரிகளும் அதில் இருந்தன. 2012-ல் தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது. நியாயமான கோபம். நானும் கோபப்பட்டேன். ஆனால் என்ன கேட்டோம்? தப்பான வரியைத் திருத்து என்றா? நீக்கு, நீக்கு என்பதுதான் பலமாகக் கேட்ட குரல். 2016 டிசம்பரில் வாரியம் சுற்றறிக்கை அனுப்பியது. அந்தப் பகுதி கிடையாது, தேர்வில் கேள்வியும் கிடையாது. 2019-ல் உடை வரலாறு என்ற அந்தப் பாடமே புத்தகத்திலிருந்து போய்விட்டது. தப்பான வரியோடு சேர்ந்து சரியான வரியும் போச்சு. சீலையைக் கிழித்தவன் பெயரும் போச்சு, கிழிபட்டவள் கண்ணீரும் போச்சு. (அரங்கில் அமைதி) இதில் எந்த ஆராய்ச்சி ஐயா இருக்கிறது? புதுசா ஓலைச்சுவடி கிடைச்சுதா? கல்வெட்டு கிடைச்சுதா?

எதிரணியில் கடைசியாகப் பேசிய தம்பி, உண்மையான அறிஞன் நினைத்தால் ஆட்சியை ஜெயிக்கலாம் என்றார். ஜெயித்த ஒருவர் கதையைச் சொல்கிறேன் தம்பி, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் இயெனாகா சபுரோ என்று ஒரு பேராசிரியர். உலகப்போர் சமயத்தில் அவரும் பள்ளியில் வரலாறு நடத்தியவர்தான். அரசாங்கம் சொன்னதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, வாய் மூடி இருந்துவிட்டோமே என்று ஆயுள் முழுக்க வருந்தினார். பசைக் கிண்ணம் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு அந்த வருத்தம் புரியும். போருக்குப் பிறகு உயர்நிலைப் பள்ளிக்குப் புத்தகம் எழுதினார். கல்வி அமைச்சகம் படித்துவிட்டு, போரை ரொம்ப இருட்டாகக் காட்டியிருக்கிறீர்கள் என்று குறை சொன்னது. போரை என்ன, தீபாவளி மாதிரியா காட்ட முடியும்? (சிரிப்பு) 1965-ல் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார். ஒன்றல்ல, மூன்று வழக்கு. சீனாவில் ஜப்பானிய ராணுவத்தின் 731-ஆம் பிரிவு உயிரோடு இருந்த மனிதர்கள் மேல் நோய்க்கிருமிப் பரிசோதனை நடத்தியதே, அதை எழுதியதற்கும் வெட்டு. அந்த வெட்டு சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வருஷம் 1997. அப்போது அவருக்கு வயது 83. கிடைத்த நஷ்டஈடு நாலு லட்சம் யென். ஆனால் அரசு பாடப்புத்தகத்தைத் தணிக்கை செய்யலாம் என்கிற முறை மட்டும் செல்லும் என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. சில பத்தியைக் காப்பாற்ற முப்பத்திரண்டு வருஷம்! அதைத் தூக்க அமைச்சகத்துக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு பேனாக் கோடு. எது பெரிய காரணம், ஆராய்ச்சியா, ஆட்சியா, நடுவர் அவர்கள்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும். (கைதட்டல்)

மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. ஒரே நிமிடம்.

அந்த ஜன்னல் ஓரக் கூட்டத்தில் ஒரு பையன். கடைசி பெஞ்சு. வருஷம் முழுக்க என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. அன்றைக்கு எழுந்து நின்றான். "சார், அடுத்த எலக்‌ஷன்ல அவங்க வந்தா இதைப் பிரிச்சிடுவாங்களா? அப்போ வேற பக்கத்துல ஒட்டுவாங்களா?" என்று கேட்டான். வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. என் விரலில் பசை இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பதில் சொல்வதற்குள் பீரியடு மணி அடித்துவிட்டது. அன்றைக்கு அந்த மணி என்னைக் காப்பாற்றியது.

இன்றைக்கு அவனுக்குப் பதில் சொல்கிற பொறுப்பை நடுவர் அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு அமர்கிறேன். (கைதட்டல்)